ஏழாம் வரியில் பூசிய மை

திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், சென்ற வாரம் பயிற்சி வகுப்பு முடிந்ததும் கேட்டார்: "சார், இத்தனை வருஷ சர்வீஸ்ல நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். விருப்ப ஓய்வு பெற்று ஓராண்டுதான் ஆகிறது. அதற்குள் மழுப்பும் பழக்கம் வந்துவிட்டதே என்று வீட்டுக்குப் போன பிறகு உறுத்தியது. பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். பதில் அங்கே தேதி, மணி எல்லாவற்றோடும் இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த நகராட்சி தஞ்சைப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். புதிய பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனதும், பழைய நிலையத்தைச் சுற்றியிருந்த கடைவீதி படுத்துவிட்டது. மாலை ஆறு மணிக்கே ஷட்டர்கள் இறங்கின. அந்த வீதியை மறுபடி எழுப்புவதற்கு அரசு நிதி வந்தது. சாக்கடை, நடைபாதை, விளக்கு போக, ஒரு பகுதி புதிய உணவகங்களுக்கு. வரைபடத்தில் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கும் கட்டடத்தில் யார் புதிதாக உணவகம் தொடங்கினாலும் அடுப்படி அமைக்கும் செலவில் பாதி மானியம். சாப்பிட ஆள் வந்தால் துணிக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் ஆள் வரும் என்று எதிர்பார்த்தார்கள்.

மன்றக் கூட்டத்தில் இது வந்தபோது எதிர்க்கட்சிக் கவுன்சிலர் கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "நெல்லு வெளையிற ஊர்ல சோத்துக்கடைக்கு மானியமா? அடுத்து என்ன, காவேரிக்குத் தண்ணி லாரி விடப் போறீங்களா?" ஆளுங்கட்சிப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது: "உங்க ஆட்சியில பஸ் ஸ்டாண்டத் தூக்கிட்டுப் போவாம இருந்திருந்தா இந்தச் செலவே இல்லண்ணே, உக்காருங்க." தீர்மானம் நிறைவேறியது.

நிபந்தனைகள் மூன்று. கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். ஒரு கதவு எண்ணுக்கு ஒரு மானியம்தான். பயனாளிகள் பட்டியலை ஏழு நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஆட்சேபணை கேட்ட பிறகே ஆணை வழங்க வேண்டும். எழுதப்படாத நான்காவது நிபந்தனையும் ஒன்று இருந்தது. சட்டமன்றத் தேர்தல் எப்போது வேண்டுமானாலும் அறிவிக்கப்படலாம். அறிவித்துவிட்டால் புதிதாக யாருக்கும் ஆணை கொடுக்க முடியாது. தேர்தலுக்குப் பிறகு ஆட்சி மாறினால் திட்டம் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

ஒன்பது விண்ணப்பங்கள் வந்தன. ஏழாவது வளர்மதியுடையது. நாற்பது வயதிருக்கும். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் தனியார் விடுதி ஒன்றில் பதினோரு வருடம் சமையல் செய்தவர். கீழ்வேளூர் வட்டத்தில் ஒரு கிராமம். அப்பா விவசாயக் கூலி. ஆஸ்பத்திரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் வருகிற கிராமத்து ஆட்களுக்காகக் காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் போடும் ஒரு மெஸ் வைக்கப்போவதாக எழுதியிருந்தார். சிவப்புக் கோட்டுக்குள் ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பேசி, உரிமையாளரின் கடிதத்தையும் வாங்கி வைத்திருந்தார்.

"வேலைய விட்டுட்டீங்களாம்மா? ஆணை வந்தப்புறம் விட்டிருக்கலாமே" என்றேன்.

"அங்க இருந்துக்கிட்டே இங்க அடுப்புக் கட்ட முடியுமா சார்? விட்டாச்சு. எனக்குப் பதிலா வேற ஆளும் சேந்தாச்சு. கிரைண்டர் வாங்கிட்டேன், மேசைக்குச் சொல்லிட்டேன். இனிமே எனக்கு இதுதான்."

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எதையும் முழுமையாக எழுதுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அரசாணை கேட்டது விண்ணப்பதாரர் பெயரும் உணவகம் அமையும் இடமும் மட்டும்தான். ஆனால் என் பட்டியல்கள் அப்படி மொட்டையாக இருக்காது. தந்தை பெயர், கதவு எண், தெரு, கிராமம், வட்டம் என்று நானாகப் பத்திகள் சேர்த்து, கோடு போட்டு, தட்டச்சு செய்து, பலகையில் ஒட்டி, நான்கு தப்படி பின்னால் நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பதினொன்றே காலுக்கு ஒருவர் கக்கத்தில் குடையோடு என் மேசைக்கு வந்தார். வளர்மதிக்கு வாடகைக்கு விடுவதாக இருந்த கட்டட உரிமையாளரின் காரியஸ்தர். குடவாசல் பக்கத்து மிராசுதார் ஒருவருக்கு எங்கள் ஊரில் நான்கைந்து கட்டடங்கள் உண்டு; அவற்றைப் பார்த்துக்கொள்பவர் இவர்தான்.

"சார், ஏழாம் நம்பருக்குக் குடுத்த சம்மதக் கடுதாசியத் திருப்பிக் குடுத்துடுங்க."

"ஏங்க? போன மாசம்தானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

"நாகப்பட்டினம் பக்கம்னாங்க, ஹாஸ்டல்ல சமைச்சவங்கன்னாங்க. ஐயாவும் சரின்னுட்டாரு. நேத்து டவுனுக்கு வந்தவரு உங்க பலகையப் படிச்சுட்டாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஊர்ல ஐயாவுக்கு நாலு வேலி நெலம் இருந்துச்சு. காலனித் தெரு, தகப்பனார் கோவிந்தன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கீங்க. அறுப்பு நேரத்துல வரப்புல கொடிய நட்டு, கூலி நெல்லு கூட்டுனாதான் அருவா எடுப்போம்னு நின்ன ஆளு சார் அந்தக் கோவிந்தன். 'அவன் மவளுக்கு என் கட்டடத்துல அடுப்பா'ன்னு குதிக்கிறாரு. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க."

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க விதியில் இடமில்லை.

அவர் போனதும் நான் செய்தது, உங்களுக்கு நான் சொல்ல வந்த தவறு. முதல் தவறு பட்டியல். அது அறியாமல் செய்தது. இது யோசித்துச் செய்தது. மை பாட்டிலையும் தூரிகையையும் எடுத்துப்போய், ஏழாம் வரியில் தந்தை பெயரையும் தெருவையும் கிராமத்தையும் பட்டையாகக் கறுப்படித்தேன். இன்னும் நான்கு நாள் பலகையில் இருக்கப்போகிறது, வேறு யாரும் படித்துவிட்டு அந்த அம்மாவுக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் அன்று மதியம் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பலகை முன்னால் கூட்டம். அதுவரை அந்தப் பட்டியலை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். "யாருங்க அது, ஏழாவது? என்ன வில்லங்கம்?" என்று ஒருவர் கேட்கிறார். சொத்து வரி கட்ட வந்த இன்னொருவர், மையை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்.

அப்போது எங்கள் ஆணையர் நேரடித் தேர்வில் வந்த ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்து வயது இளையவர். அதனாலேயே சில மாதங்கள் அவரிடம் எதையும் கேட்காமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். கூட்டத்தைப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"மை யார் பூசினது?"

"நான்தான் மேடம்." நடந்ததைச் சொன்னேன்.

"மத்த எட்டு வரியிலயும் தெரு இருக்கே?"

"அதுல பிரச்சினை இல்லை மேடம்."

அவர் கையிலிருந்த கோப்பை மூடி வைத்தார். பிறகு, "அந்தம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார்.

நான் தயாராக வைத்திருந்த கடிதத்தை நீட்டினேன். 'நிர்வாகக் காரணங்களால் தங்கள் விண்ணப்பம் நிலுவையில் வைக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்றிருந்தது அதில். படித்துப் பார்த்து, மடித்து, தன் மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.

"நேர்ல போங்க சார். நிர்வாகக் காரணம் எப்படி இருக்கும்னு அவங்க ஒரு தடவ பாக்கட்டும்."

அந்தச் சொல் அன்று என்னைச் சுட்டது. அவர் என்னைத் திட்டியிருக்கலாம், விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் என்னை அந்த வாசலுக்கு அனுப்பினார். இன்றைக்கும் அவருக்கு நான் கடமைப்பட்டிருப்பது அதற்காகத்தான்.

வளர்மதி ஒரு மரப்பட்டறையில் இருந்தார். மேசைகளைத் தச்சர் செய்து முடித்திருந்தார். கூலியைக் குறைக்க, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலையை இவரே எடுத்துக்கொண்டிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகி, மரத்தூள் படிந்த முகத்தோடு நிமிர்ந்தார்.

"என்ன சார், மேசைக்கும் இன்ஸ்பெக்ஷனா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலில் பத்தி சேர்த்தது நான், கட்டடம் போய்விட்டது, மை பூசியது நான். அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"எங்கப்பா செத்து ஆறு வருஷம் ஆவுது. பேரப் பாத்ததுக்கே பயப்புடுறாரா அந்தாளு?" என்று சிரித்தார். தச்சரும் சிரித்தார். பிறகு கை நின்றது.

"தெரு பேர நான்தான் எழுதிக் குடுத்தேன். நீங்க அத அப்படியே போட்டீங்க. அதுல எனக்குக் கோவம் இல்ல. மை எதுக்கு சார் பூசுனீங்க?"

"மத்தவங்க பாத்து உங்களுக்கு..."

"என்னத்தப் பாத்து? மூடி வெக்கிற மாதிரி எங்க தெருவுல என்ன அசிங்கத்தக் கண்டீங்க? அந்த மிராசுதாரு எங்கப்பா பேரப் படிச்சுட்டு எடம் இல்லன்னாரு. அவரு குணம் எனக்குப் பொறந்ததுலேந்து தெரியும். நீங்க படிச்சவரு, நல்லது பண்றதா நெனச்சு அழிச்சிருக்கீங்க. அதுதான் சார் சங்கடமா இருக்கு."

ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பில், "நான் வேணா அவர்கிட்டப் போயிக் கேட்டுப் பாக்குறேம்மா. கெஞ்சியாவது..." என்று இழுத்தேன்.

"வேணாம். எங்கப்பா அவரு முன்னாடி நிமிந்து நின்னாரு. எனக்காக யாரும் அங்க போயிக் குனிய வேணாம். நீங்க பலகையச் சரி பண்ணுங்க. தெரு போட்டா ஒம்போது பேருக்கும் போடுங்க, இல்லன்னா ஒருத்தருக்கும் வேணாம். எடத்த நான் பாத்துக்குறேன்."

அலுவலகத்துக்குத் திரும்பி அந்தப் பட்டியலை முதல் முறையாக ஒரு வாசகனாகப் படித்தேன். மேல வீதி, பள்ளிவாசல் தெரு, அக்ரகாரம், காலனித் தெரு. நம் ஊர்களில் தெருவின் பெயரைச் சொன்னால் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் என் தெருவின் பெயரைச் சொன்னபோதெல்லாம் எனக்கு நாற்காலிதான் கிடைத்திருக்கிறது. அதனால் முகவரி என்பது தபால்காரருக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டே இத்தனை காலம் வேலை பார்த்திருக்கிறேன். பழைய தாளைக் கிழித்தேன். அரசாணை கேட்ட இரண்டு பத்திகள் மட்டும் கொண்ட புதிய பட்டியலைத் தயாரித்து ஒட்டினேன். வளர்மதிக்கு இடம் கிடைத்தால்தான் ஏழாம் வரியை நிரப்ப முடியும்.

அதிலிருந்து நான்காம் நாள் காலை வளர்மதி அலுவலகத்துக்கு வந்தார். கூடவே ரஹீம் பாய். இவர் ஒன்பது பேரில் மூன்றாமவர், முத்துப்பேட்டைக்காரர். வளைகுடாவில் பதினான்கு வருடம் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு வந்து, சொந்தமாக ஒரு கட்டடம் வாங்கிப் பிரியாணிக் கடை போட விண்ணப்பித்திருந்தார்.

"பன்னெண்டு எடம் ஏறி எறங்கிட்டுப் பதிமூணாவதா எங்கிட்ட வந்திருக்கு தங்கச்சி" என்றார். "கட்டடம் எனக்குப் பெருசு சார். முன்னாடி ரெண்டு ஷட்டர் இருக்கு. பாதிய இவங்களுக்கு வாடகைக்குக் குடுத்துடுறேன்."

"அது எப்படிங்க, ரெண்டு ஓட்டல் பக்கத்துப் பக்கத்துல?"

"காலையில இட்லிக்கு வர்றவன் மத்தியானம் பிரியாணி வாசத்த மோந்துட்டுத்தான் போவான். எனக்கு லாபம்தான். சண்ட வந்தா சாம்பாருக்கும் சால்னாவுக்கும்தான் வரும்."

"வரும், வரும்" என்றார் வளர்மதி. "பாய் இன்னும் எஞ் சாம்பாரச் சாப்பிடல."

என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு கதவு எண்ணுக்கு ஒரு மானியம். பாயின் கட்டடத்துக்கு ஒரே கதவு எண். "விதி இடம் கொடுக்காதுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வரும் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வளர்மதியின் முகம் ஒரு கணம் வாடியதைப் பார்த்தேன். அதன் பிறகுதான் கோப்பை எடுத்துக்கொண்டு ஆணையரிடம் போனேன். இந்த முறை நானாகப் போனேன்.

அவர் ஒன்று கேட்டார். "இந்த விதிய எதுக்கு வெச்சிருப்பாங்க?"

"ஒரே ஆள் மனைவி பேர்ல, மச்சான் பேர்ல ரெண்டு மானியம் வாங்காம இருக்க."

"இவங்க ரெண்டு பேரும் அப்படியா?"

"இல்லை மேடம். ஆனா கதவு எண்..."

"கதவு எண் யார் கொடுக்குறது சார்?"

நாம்தான். நகராட்சிதான். தனி வாசல், தனி அடுப்படி, நடுவில் முழுச் சுவர் இருந்தால் ஒரு கட்டடத்தை உட்பிரிவு செய்து புதிய எண் கொடுக்கலாம். வழக்கமாக ஒரு மாதம் ஆகும் வேலை. பாய் அன்று மதியமே கொத்தனாரைக் கூப்பிட்டு நாலரை இஞ்சுச் சுவரை எழுப்ப ஆரம்பித்தார். நான் டேப்பை எடுத்துப்போய் நானே அளந்தேன். மூன்றாம் நாள் சுவர் உத்தரத்தைத் தொட்டதும், கோப்பைத் தபாலில் போடாமல் கையில் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக நடந்தேன்.

"என்ன சார், நீங்களே அலையிறீங்க? வீட்டுக் கல்யாணமா?" என்றார் வருவாய்ப் பிரிவில் ஒருவர்.

"அப்படித்தான் வெச்சுக்கங்க. கையெழுத்தப் போடுங்க."

அன்று மாலையே புதிய எண் கிடைத்தது. அதற்கடுத்துத்தான் உண்மையான நெருக்கடி. இடம் மாறியதால் பட்டியலை மறுபடி ஏழு நாள் ஒட்ட வேண்டும். தேர்தல் அறிவிப்பு இன்றோ நாளையோ என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. பழைய பட்டியல் ஒட்டிய நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டு மறுநாளே ஆணை கொடுத்துவிடலாமா என்று அலுவலகத்தில் சிலர் சொன்னார்கள். கொடுத்திருக்கலாம். பிறகு யாராவது ஒரு மனுப் போட்டால் வளர்மதியின் மானியம்தான் முதலில் போகும். இரண்டு பக்கமும் ஆபத்து. இதில் நானோ ஆணையரோ தனியாக முடிவெடுக்கக்கூடாது என்று தோன்றியது. நேரே போய் வளர்மதியிடமே கேட்டேன்.

அவர் ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "ஏழு நாள்னா ஏழு நாளே இருக்கட்டும் சார். கொல்லப்பக்கமா வந்தவள்னு நாளைக்கு எவனும் பேசக்கூடாது."

ஒட்டினோம். மற்ற எட்டுப் பேருக்கும் முதல் காலக்கெடு முடிந்து ஆணைகள் போய்விட்டன. பலகையில் ஒரே ஒரு பெயர் நின்றது. தினமும் காலையில் அலுவலக வானொலியில் செய்தி கேட்டுவிட்டு, தேர்தல் இன்னும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் உட்காருவேன்.

ஐந்தாம் நாள், அந்தக் காரியஸ்தர் குடையோடு பலகை முன்னால் நின்றார். என் மேசையிலிருந்து அவர் முதுகு தெரிந்தது. ஒரு வரிப் பட்டியலை ஐந்து நிமிடம் படித்தார். எழுந்து போனேன்.

"ஊரு, தெருவெல்லாம் காணுமே?" என்றார்.

"இப்ப யாருக்கும் போடுறதில்லீங்க."

"ஆட்சேபணை எழுதிக் குடுக்கணும்னா?"

"உள்ள படிவம் இருக்கு. தரட்டுமா?"

கொடுக்கவேண்டியது என் கடமை. கேட்டால் கொடுத்திருப்பேன். அவர் குடையை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"பாயி கட்டடத்துக்கு எங்க ஐயா என்ன ஆட்சேபணை சொல்றது? பலகையப் பாக்கச் சொன்னாரு, பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியவன்தான். அன்று வாய் வரவில்லை.

எட்டாம் நாள் காலை பத்து ஐந்துக்கு ஆணையர் கையெழுத்திட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்துத் தேர்தல் அறிவிப்பு வந்தது.

நீங்கள் இனி எத்தனையோ பட்டியல்கள் தயாரிப்பீர்கள். கேட்டதற்கு மேல் ஒரு பத்தி சேர்க்கும்போது அதை யார் படிப்பார்கள் என்று யோசியுங்கள். தவறு செய்துவிட்டால், யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவரிடம் முதலில் போய் நில்லுங்கள். அவரைக் கேட்காமல் திருத்தத் தொடங்காதீர்கள். என்னிடம் சொல்வதற்கு இவ்வளவுதான் இருக்கிறது. இதையும் நான் கற்றது மரத்தூள் பறந்த ஒரு பட்டறையில்.

மானியத்தை விடுவிக்குமுன் உணவகம் நடக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்துக் காலை எட்டு மணிக்குப் போனேன். பத்து மேசையிலும் ஆள். மஞ்சள் பையும் மருந்துச் சீட்டுமாகச் சிலர் வாசலில் காத்திருந்தார்கள். பாய் தன் பக்கத்துக் கடையைத் திறக்காமல் இங்கே உட்கார்ந்து தட்டிலிருந்த இட்லிக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நின்றுகொண்டே படிவத்தை நிரப்பினேன். காசோலை அனுப்புவதற்காக அதில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் உண்டு. அதை மட்டும் விட்டுவிட்டு, கையெழுத்துக்காக வளர்மதியிடம் நீட்டினேன்.

"இது ஏன் காலியா கெடக்கு?"

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி எழுதலாம்னு விட்டேம்மா."

அவர் கையைத் துண்டில் துடைத்தார். என் பேனாவை வாங்கிக்கொண்டார். "அக்கா, ரெண்டு செட்டு பூரி" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். "இருங்க, வர்றேன்" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, கல்லாப் பலகையில் தாளை வைத்து, தந்தை பெயரிலிருந்து தொடங்கி, கதவு எண், காலனித் தெரு, கிராமம், அஞ்சல், வட்டம் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"எதாச்சும் விட்டுப்போச்சா, பாருங்க."

பார்த்தேன். "இல்லம்மா. எல்லாம் இருக்கு."

"அப்ப அந்த ஓரத்துல ஒரு எடம் காலியாவுது, போயி உக்காருங்க. பொங்கல் ஆறிடும்."